அம்மாவிடம் கணக்குக் கேட்கலாமா?

இளம் வீரர்களுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் வணக்கம்.

ஒரு கையெழுத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஜாக் ஜான்சன் என்ற அமெரிக்க ஐஸ் ஹாக்கி வீரர் 2008இல் போட்டது. அப்போது அவருக்கு வயது 21. தன் வரவு செலவு முழுவதையும் கவனிக்கத் தாய்க்குப் பவர் எழுதிக் கொடுத்தார். பெற்ற தாய்க்குத்தானே! நானாக இருந்தாலும் படித்துப் பார்க்காமல் கையெழுத்திட்டிருப்பேன்.

2011இல் லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸ் அணியோடு அவருக்கு 7 ஆண்டு ஒப்பந்தம், 3 கோடியே 5 லட்சம் டாலருக்கு. 2014 அக்டோபரில் அவர் திவால் மனு கொடுத்தார். சொத்து 50,000 டாலருக்கும் கீழே, கடன் ஒரு கோடி டாலருக்கும் மேலே என்றது அந்த மனு.

இது எப்படி நடக்கும்? வீரர்களே, இதை மட்டும் கவனமாகக் கேளுங்கள். உங்கள் ஒப்பந்தமே ஓர் அடமானப் பொருள். எந்த ஆண்டு எவ்வளவு சம்பளம் வரும் என்று அதில் அச்சடித்திருக்கிறது. கடன் கொடுப்பவருக்கு வேறென்ன வேண்டும்? ஜான்சனின் வருங்காலச் சம்பளத்தைக் காட்டி, அவர் பெயரில் தாய் குறைந்தது ஒன்றரைக் கோடி டாலர் கடன் வாங்கியதாக அப்போது செய்தி வந்தது. இப்படிப்பட்ட கடனுக்கு வட்டி அதிகம். ஒன்றை அடைக்க இன்னொன்று, தவணை தவறினால் அதற்கு அபராதம். இதெல்லாம் உங்கள் பெயரில், நீங்கள் மைதானத்தில் வியர்வை சிந்திக்கொண்டிருக்கும்போதே நடந்து முடிந்துவிடும். பவர் வைத்திருப்பவரின் கையெழுத்து உங்கள் கையெழுத்துதான்.

நான் பெற்றோரைத் திட்ட வரவில்லை. விடியுமுன் எழுந்து பிள்ளையைப் பயிற்சிக்குக் கூட்டிப்போனவர்கள் அவர்கள். அதனால்தான் பிள்ளைக்கு வாய் வருவதில்லை. ‘பணம் எங்கே?’ என்று கேட்டாலே ‘நீங்கள் திருடினீர்களா?’ என்று கேட்டதாக ஆகிவிடும் என்ற பயம். என்னைக் கேட்டால், பேராசையைவிட இந்தக் கூச்சம்தான் அதிகப் பணத்தைத் தின்றிருக்கிறது.

1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியில் டொமினிக் மொச்சானுவுக்கு வயது 14. 17 வயதில் ஹூஸ்டன் நீதிமன்றத்துக்குப் போய், தன்னை வயது வந்தவராக அறிவிக்கக் கோரினார். தன் சம்பாத்தியத்தைத் தந்தை கரைத்துவிட்டார் என்பது புகார். தந்தை அப்போது கட்டியது சூதாட்ட விடுதியல்ல. மிகப் பெரிய ஜிம்னாஸ்டிக்ஸ் கூடம். மகளின் கலைக்காகவே கட்டுகிறோம் என்றுகூட நம்பியிருக்கலாம். தெரியாத தொழிலில் அன்போடு போட்டாலும் பணம் போவது போவதுதான். டென்னிஸ் வீராங்கனை ஸ்டெஃபி கிராஃபின் பண விவகாரங்களைக் கவனித்த தந்தையோ வரி ஏய்ப்புக்காக 1997இல் சிறைத் தண்டனை பெற்றார்.

கலிஃபோர்னியாவில் 1939 முதல் ஒரு சட்டம் உண்டு. ஜாக்கி கூகன் என்ற குழந்தை நட்சத்திரத்தின் வருமானம் வீட்டிலேயே செலவழிந்துபோன வழக்குக்குப் பிறகு வந்தது. இன்று அதன்படி சிறாரின் வருமானத்தில் 15 சதவீதம், அவர்களுக்கு வயது வரும்வரை யாரும் தொட முடியாத கணக்குக்குப் போகிறது. சட்டம் இல்லாத இடத்திலும் ஒரு குடும்பம் இதைத் தானே செய்யலாம். பெற்றோரே, பிள்ளை கேட்கட்டும் என்று காத்திராதீர்கள். மாதாமாதம் கணக்கை நீங்களே எடுத்து வையுங்கள். வெளியாள் ஒருவர் தணிக்கை செய்யட்டும். பவர் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் எதற்கு, எவ்வளவுக்கு, எந்தத் தேதிவரை என்று அதில் இருக்கட்டும்.

கடைசியாகக் கொரியாவின் பாக் சே-ரி. 1998இல், 20 வயதில், வெறுங்காலோடு தண்ணீரில் இறங்கிப் பந்தை அடித்து அமெரிக்க மகளிர் ஓபன் கோல்ஃப் பட்டத்தை வென்றவர். அவரைக் கோல்ஃபுக்குக் கொண்டுவந்தவர் தந்தை. அந்தத் தந்தை தங்கள் அதிகாரபூர்வ முத்திரையைப் போலியாகச் செய்து பயன்படுத்தினார் என்று பாக்கின் அறக்கட்டளையே காவல்துறையில் புகார் கொடுத்தது. 2024 ஜூனில் செய்தியாளர்கள் முன் பாக் அழுதார். தந்தையின் கடனை அடைத்ததும் அடுத்த கடன் வந்து நின்றது, மறுபடி அடைத்தேன் என்றார். இனி எந்தக் கடனுக்கும் நான் பொறுப்பில்லை என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவருக்கு வயது 46.