வள்ளல் என்றேன், இல்லை என்றான்

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடிக்கு அருகில் ஒரு பழைய வீட்டின் முகப்பில் அமர்ந்து பேசுகிறேன். எனக்குப் பின்னால் கண்ணாடிச் சட்டத்துக்குள் தெரிவது, இவ்வீட்டு ஐயாவின் மணிவிழாவுக்குப் புலவர் ஒருவர் அச்சிட்டுக் கொடுத்த வாழ்த்துப்பா. அதன்படி ஐயா கொடையில் கர்ணன், அறிவில் பிரகஸ்பதி, அழகில் மன்மதன். அவருடைய புகைப்படமும் பக்கத்திலேயே தொங்குவதால் மன்மதனைப் பற்றி நான் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

இந்தப் பாட்டுத் தொழிலின் வரவு செலவை ஒளிவு மறைவின்றிப் போட்டு உடைத்தவர் இராமச்சந்திர கவிராயர். கல்லாதவனைக் கற்றவன் என்றேன், பொல்லாதவனை நல்லவன் என்றேன், போர்க்களத்தையே அறியாதவனைப் புலி என்றேன், சூம்பிய தோளை மல்லரின் புயம் என்றேன் என்று தாம் சொன்ன பொய்களை வரிசையாக அடுக்கிக்கொண்டு வந்து, இப்படி முடிக்கிறார்:

"வழங்காத கையனைநான் வள்ளல் என்றேன்,
இல்லாது சொன்னேனுக்கு இல்லை என்றான்,
யானும்என்றன் குற்றத்தால் ஏகின் றேனே."

இல்லாததைச் சொன்னவனுக்கு 'இல்லை' என்ற பதில் கிடைத்ததில் என்ன அநியாயம் இருக்கிறது? கணக்கு நேராகிவிட்டது. நம் செட்டிமார் பேரேட்டில்கூட இவ்வளவு சுத்தமாக ஐந்தொகை முடிந்திருக்காது.

பலரும் இதைக் கஞ்சப் பிரபுவின் மீது பாடிய வசை என்றே சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அடி வாங்குகிறவர் பெரும்பாலும் புலவரே. பரிசில் கைக்கு வந்திருந்தால் அந்தச் சூம்பல் தோள் இன்றைக்கும் மல்லர் புயமாகவே இருந்திருக்கும். கவிராயரின் மனச்சாட்சி விழித்துக்கொண்டது கை வெறுமையான பிறகுதான். ஆகவே இப்பாட்டுக்காக நாம் நன்றி சொல்ல வேண்டியது, காசு கொடுக்காத அந்தப் பிரபுவுக்கே.

இதைவிட வேடிக்கை ஒன்றுண்டு. இத்தகைய உதிரிப் பாடல்களைத் திரட்டித் 'தனிப்பாடல் திரட்டு' என்று 19ஆம் நூற்றாண்டில் தொகுக்கச் செய்தவர், நம் இராமநாதபுரத்துச் சமஸ்தானத்தைச் சேர்ந்த பொன்னுசாமித் தேவர். அவரே புலவர்களைப் பேணிய பெரிய புரவலர். புரவலர்களைக் கிண்டல் செய்யும் பாட்டு, புரவலர் ஒருவரின் ஆதரவில் பிழைத்து வந்திருக்கிறது. இதில் ஆச்சரியப்பட ஏதுமில்லை என்றே நினைக்கிறேன். கவிராயர் யாருடைய பெயரையும் பாட்டில் வைக்கவில்லை அல்லவா? படித்த ஒவ்வொரு பிரபுவும், அது பக்கத்து ஊர்க்காரரைச் சொல்கிறது என்று வயிறு குலுங்கச் சிரித்திருப்பார்.