நியூஸ் கேட்குது, படம் ஊமை: டிவிக்கும் ஆம்ப்புக்கும் நடுவில் என்ன நடக்கிறது?

[காட்சி: ஆப்டிக்கல் கேபிளின் நுனி, மிக நெருக்கத்தில். உள்ளே சிவப்பு வெளிச்சம்.]

இந்தச் சிவப்பு வெளிச்சம் தெரிகிறதா? டிவியின் சத்தம் இப்படி வெளிச்சமாகத்தான் வெளியே வருகிறது. ஒயர் நன்றாக இருக்கிறது. டிவி அனுப்புகிறது. அந்தப் பக்கம் ஆம்ப்பும் ஓடுகிறது. ஆனால் ஸ்பீக்கரில் ஒன்றும் கேட்கவில்லை.

வணக்கம். போன மாதம் கடலூரிலிருந்து பாண்டிச்சேரி போயிருந்தேன். முத்தியால்பேட்டையில் எங்கள் பெரியப்பா வீடு. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "வாம்மா, நம்ம ஆம்ப் போயிடுச்சு போல, கொஞ்சம் பாரு" என்றார்.

அவருடையது பழைய ஸ்டீரியோ ஆம்ப், இரண்டு ஸ்பீக்கர். புது டிவியில் சிவப்பு, வெள்ளை ஆடியோ அவுட் கிடையாது, ஆப்டிக்கல் மட்டும்தான். அதனால் நேரு வீதியில் ஒரு கடையில், டிஜிட்டலை அனலாகாக மாற்றும் சின்னப் பெட்டி ஒன்றை வாங்கி நடுவில் மாட்டியிருந்தார். டேக் என்பார்கள் அதை. படம் போட்டால் சத்தம் இல்லை. கடையில் பெட்டியை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், கேபிளும் புதிது வாங்கியாயிற்று. அடுத்தது ஆம்ப்பைத் தூக்கிப் போடுவது என்கிற நிலையில் இருந்தார்.

நான் ஒன்றுதான் கேட்டேன். "பெரியப்பா, எதைப் போட்டாலும் சத்தம் வரலையா?"

கொஞ்சம் யோசித்தார். "இல்லம்மா, நியூஸ் நல்லா கேக்குது. ஆப்ல படம் போட்டாத்தான் ஊமையாயிடுது."

இந்தப் பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. பெட்டி, கேபிள், ஆம்ப் மூன்றும் நல்ல நிலையில்தான் இருக்கின்றன. கெட்டுப்போயிருந்தால் நியூஸும் கேட்டிருக்காது.

[காட்சி: டேக் பெட்டி, மேசை மேல். பக்கத்தில் ஆப்டிக்கல் கேபிள்.]

இந்த இணைப்பின் பெயர் எஸ்பிடிஐஎஃப். சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து கொண்டுவந்தது, பெயரின் முதல் இரண்டு எழுத்தும் அவர்களுடையதுதான். ஆப்டிக்கல் சொருகியை 1983இல் தோஷிபா கொண்டுவந்தது. சிடி பிளேயர் காலத்து ஏற்பாடு. அப்போது இதில் போனது பிசிஎம் மட்டும், அதாவது சுருக்காத இரண்டு சேனல் ஒலி. பிறகு டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் என்ற 5.1 ஒலி ஃபார்மட்டுகள் வந்தன, 5.1 என்றால் ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும். 5.1 ஒலியை அப்படியே அனுப்ப இந்தக் குழாயில் இடம் போதாது. அதனால் சுருக்கி மூட்டையாகக் கட்டி அனுப்புகிறார்கள், வாங்குகிற கருவி பிரித்துக்கொள்ள வேண்டும்.

பெரியப்பாவின் பெட்டிக்கு அந்த மூட்டையைப் பிரிக்கத் தெரியாது. நியூஸ் பிசிஎம்மாக வந்தது, கேட்டது. படம் டால்பி மூட்டையாக வந்தது, பெட்டி வாயடைத்துப் போனது. சில பெட்டிகளில் மௌனத்துக்குப் பதிலாக 'சர்ர்' என்று இரைச்சல் வரும்.

சரி, தெரியாது என்று அந்தப் பெட்டி டிவியிடம் சொல்லக் கூடாதா? முடியாது. ஆப்டிக்கல் ஒருவழிப் பாதை. எச்டிஎம்ஐயில் ஒரு கருவி 'எனக்கு இன்னின்ன ஃபார்மட் தெரியும்' என்று முதலிலேயே சொல்லிவிடும். ஆப்டிக்கலில் அந்தப் பேச்சே கிடையாது, டிவிக்கு நாம்தான் சொல்ல வேண்டும்.

[காட்சி: டிவி திரை. செட்டிங்ஸ், சவுண்ட், டிஜிட்டல் அவுட்புட்.]

இங்கே ஆட்டோ, பிட்ஸ்ட்ரீம், பாஸ் த்ரூ என்று ஏதாவது இருக்கும். அதை பிசிஎம் என்று மாற்றுங்கள். பெரியப்பா வீட்டில் அவ்வளவுதான் செய்தேன். சத்தம் வந்தது.

ஆனால் உங்களிடம் 5.1 ஹோம் தியேட்டர் இருந்தால் பிசிஎம்மிலேயே விட்டுவிடாதீர்கள். ஆப்டிக்கலில் பிசிஎம் இரண்டு சேனல்தான். ஒயர் சரியா என்று பார்ப்பதற்கு மட்டும் அதை வைத்துக்கொண்டு, அப்புறம் டால்பி டிஜிட்டலுக்கு மாற்றுங்கள். டால்பி டிஜிட்டல் பிளஸ் ஆப்டிக்கலில் போகாது. டிடிஎஸ் விஷயத்தில் டிவியின் மாடலையும் பார்க்க வேண்டும். சாம்சங் 2018 மாடல்களிலிருந்து அந்த வசதியை எடுத்துவிட்டது.

உங்கள் டிவியில் இருப்பது கோஆக்சியல் சொருகி, அதாவது இதே எஸ்பிடிஐஎஃப்பை வெளிச்சத்துக்குப் பதில் மின்சாரமாக அனுப்புவது என்றால், பழைய டிவிடி பிளேயரோடு வந்த மஞ்சள் ஒயர் போதும், அதுவும் இதற்கு வேண்டிய 75 ஓம்தான். ஆனால் நம் கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று பட்டு அந்தப் பின் பச்சை பிடித்துவிடும். துடைத்துவிட்டுச் சொருகுங்கள். ஆப்டிக்கலில் அந்தத் தொல்லை இல்லை. அதன் நுனியில் இருக்கும் கண்ணாடி போன்ற மூடியை மட்டும் மறக்காமல் கழற்றுங்கள்.

[காட்சி: டிவியின் பின்புறம். 'ஆர்க்' என்று எழுதிய போர்ட்.]

எச்டிஎம்ஐ ஆர்க் என்பது டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ கேபிளிலேயே ஆம்ப்புக்கு அனுப்பும் வழி. இதில் குழப்பம் பெயரிலேயே தொடங்குகிறது. ஆர்க் வேலை செய்ய, பெரும்பாலான செட்டுகளில் சிஇசி என்ற, கருவிகள் எச்டிஎம்ஐ வழியே ஒன்றையொன்று கட்டுப்படுத்தும் வசதியை இரண்டு பக்கமும் ஆன் செய்திருக்க வேண்டும். அந்தப் பெயரில் தேடினால் கிடைக்காது. சாம்சங்கில் அது எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்ளிங்க், சோனியில் பிராவியா சிங்க். ஒரே சரக்குக்கு ஆளுக்கொரு லேபிள். சாதாரணமாக வாங்குபவர் இதை எப்படிக் கண்டுபிடிப்பார்? இந்த விஷயத்தில் எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு.

ரெக்கார்டிங் செய்பவர்களுக்கு இன்னொன்று. இரண்டு கம்பெனிக் கருவிகளை டிஜிட்டலாக இணைத்ததும் சத்தம் வருகிறது, ஆனால் நடுவே 'டிக்... டிக்...' என்று கேட்கிறது என்றால் கடிகாரத்தைப் பாருங்கள், அதாவது ஒலியின் சாம்பிள்களை (ஒவ்வொரு நொடித் துளியிலும் எடுத்த அளவுகளை) எந்த வேகத்தில் ஓட்டுவது என்று காட்டும் உள் கடிகாரத்தை. இரண்டும் 48 கிலோஹெர்ட்ஸ் என்றே காட்டும். ஆனால் ஒன்றின் கடிகாரம் பத்து லட்சத்தில் 10 பங்கு வேகமாக ஓடினாலும், விநாடிக்கு 48,000 சாம்பிளில் கிட்டத்தட்ட அரை சாம்பிள் மிஞ்சும். இரண்டு விநாடிக்கு ஒன்று எங்காவது விழுந்தாக வேண்டும். அதுதான் அந்த 'டிக்'. அனுப்பும் கருவியை இன்டர்னல் கிளாக்கில் வையுங்கள், வாங்கும் கருவியை எக்ஸ்டர்னலுக்கு மாற்றுங்கள். அந்த 'டிக்' நின்றுவிடும்.

[காட்சி: பெரியப்பாவின் ஆம்ப். வால்யூம் குமிழ் மேல் ஒரு கை.]

கடலூர் திரும்பிய அன்று இரவே பெரியப்பா போன் செய்தார். "டிவி ரிமோட்ல சத்தம் கூடவும் மாட்டேங்குது, குறையவும் மாட்டேங்குதும்மா."

நிறைய டிவிகள் ஆப்டிக்கலில் ஒலியை ஒரே அளவில்தான் அனுப்பும். கூட்டுவதும் குறைப்பதும் ஆம்ப்பில்தான் என்று சொன்னேன்.

"அப்ப அந்தக் குமிழத்தான் திருப்பணுமா? நல்லதாப் போச்சு, அதைத் தொட்டே ரொம்ப நாளாச்சு" என்றார்.