வலிக்கிற இடத்துக்கு ஒரு படி முன்னால்

(சேலத்தில் சிறு பட்டறைக்காரர்கள், காப்பித் தோட்டக்காரர்கள் முன்னிலையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பாதி மலை இறங்குவதற்குள் சில வண்டிகளில் கருகல் வாடை கிளம்பிவிடும். "பிரேக் சரியில்லை, மெக்கானிக்கிடம் காட்டணும்" என்பார் ஓட்டுகிறவர். பிரேக் பாவம், அதன் மேல் குற்றமில்லை. கியர் செய்ய வேண்டிய வேலையையும் அதன் தலையில் கட்டியாயிற்று. விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால் லைனிங் சூடேறிப் பிடிப்பு போகும். பிரேக் ஆயில் பழசாகி ஈரம் சேர்ந்திருந்தால் அதுவும் கொதிக்கும், பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். ஏறிய கியரிலேயே இறங்கு என்று லாரிக்காரர்கள் சொல்வது இதனால்தான். கியர் இல்லாத ஸ்கூட்டரில் எஞ்சின் தடுப்பு குறைவு. இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடித்து, இடையில் நிறுத்தி ஆறவிட்டு இறங்க வேண்டும். சூட்டோடு தண்ணீர் ஊற்றக் கூடாது.

இன்றைக்கு நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்: வலி ஓரிடத்தில் தெரியும், கை வைக்க வேண்டிய இடம் அதற்கு ஒரு படி முன்னால் இருக்கும். அந்தப் படியைக் கண்டுபிடிப்பதைத்தான் பெரிய வார்த்தையில் படைப்பாற்றல் என்கிறார்கள்.

அதற்கு முதலில் பிரச்சினையை ஒரே வரியில் எழுத வேண்டும். "பசங்களுக்குக் கவனம் இல்லை" என்பது பிரச்சினை இல்லை, திட்டு. "புது மெஷின் வாங்கணும்" என்பதும் பிரச்சினை இல்லை, ஆசை. ஆள் பெயரும் தீர்வும் இல்லாமல், என்ன, எப்போது, எத்தனை என்று எழுதுங்கள். "பேக்கிங் ஆன 200 ஜோடிக் கொலுசில் 6 ஜோடிக்கு ஒரு திருகாணி இல்லை, ஆறும் சாயங்காலம் கட்டியவை." இப்படி எழுதிவிட்டால் பாதி வெளிச்சம் வந்துவிடும். சாயங்காலம் என்ற ஒரு சொல்லே எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டுகிறது.

இந்தத் திருகாணி விவகாரத்துக்கு ஜப்பானில் அண்ணன் ஒருவன் உண்டு. 1961-ல் யமாடா எலக்ட்ரிக் என்ற தொழிற்சாலையில் ஒரு சிறு ஸ்விட்ச் செய்தார்கள். இரண்டு பொத்தான், ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு ஸ்பிரிங். அவ்வப்போது ஒரு ஸ்பிரிங்கை வைக்க மறந்துவிடுவார்கள். "கவனமாக இரு" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப் போயிருந்தது. ஷிகேயோ ஷிங்கோ என்ற பொறியாளர் ஒரு சின்னத் தட்டை வைக்கச் சொன்னார். முதலில் பெட்டியிலிருந்து இரண்டு ஸ்பிரிங்கை எடுத்துத் தட்டில் வை. பிறகு தட்டிலிருந்து எடுத்துப் பூட்டு. முடித்த பிறகு தட்டில் ஒன்று மிஞ்சியிருந்தால் மறந்தது அங்கேயே தெரிந்துவிடும். அவ்வளவுதான் கண்டுபிடிப்பு. மறதியை அவர் ஒழிக்கவில்லை. அது கண்ணில் படும்படி செய்தார். இந்த மாதிரி ஏற்பாடுகளுக்கு முதலில் 'முட்டாள் தடுப்பு' என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். வேலை செய்தவர்கள் மனம் புண்பட்டது, 'தவறு தடுப்பு' என்று மாற்றினார்கள். பெயரை மாற்றியது வெறும் மரியாதைக்காக இல்லை என்பது என் எண்ணம். முட்டாள் என்று பெயர் வைத்த தட்டை எந்தக் கை மனதார எடுக்கும்?

நம் பட்டறைக்கு இது அப்படியே பொருந்தும். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பலகைத் துண்டு, அதில் இரண்டே குழி. குழி திருகாணியின் பாதி உயரமாவது ஆழம் இருக்கட்டும். இல்லையென்றால் கை பட்டதும் உருண்டுவிடும். உள்ளே கறுப்பு பெயிண்ட் அடியுங்கள், வெள்ளி பளிச்சென்று தெரியும். ஒரு ஜோடிக்கு இரண்டு எண்ணி வைத்துவிட்டுத்தான் கொலுசில் கை வைக்க வேண்டும். இது கெட்டுப்போகும் இடம் ஒன்று உண்டு: திருகாணி டப்பா பக்கத்திலேயே திறந்து கிடந்தால், அவசரத்தில் கை நேராக டப்பாவுக்குப் போகும், தட்டு அலங்காரமாகிவிடும். டப்பா நாலடி தள்ளி, எழுந்து போய் எடுக்கும் தூரத்தில் இருக்க வேண்டும்.

அடுத்து, மேலே தோட்டத்துக்கு வருவோம். அராபிகா காப்பி வைத்திருப்பவர்களுக்கு வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்ற வண்டின் பெயரைக் கேட்டாலே வயிறு கலங்கும். இலை மஞ்சளாகி, செடி வாடி, தண்டில் வளையம் வளையமாகப் புடைப்பு தெரியும்போது அந்த வண்டின் புழு உள்ளே மரத்தைக் குடைந்துகொண்டிருக்கும். உள்ளே இருக்கிற புழுவுக்கு வெளியே மருந்தடித்தால் எப்படிப் போய்ச் சேரும்? இங்கேயும் ஒரு படி பின்னால் போக வேண்டும். வண்டு முட்டை இடுவது பட்டையின் வெடிப்பில். அதற்கு வெயில் பிடிக்கும். ஆகவே நமக்கான கேள்வி 'புழுவை எப்படிக் கொல்வது' என்பதே இல்லை. 'வண்டு ஏன் இந்தத் தண்டைத் தேர்ந்தெடுக்கிறது' என்பது.

பதில் மூன்று வேலையாக வரும். சில்வர் ஓக்கையும் மற்ற நிழல் மரங்களையும் மொட்டையடிக்காமல், வெயில் திட்டுத் திட்டாக விழாதபடி நிழலைக் காப்பது. முதன்மைத் தண்டிலும் தடித்த கிளைகளிலும் உரிந்து தொங்கும் பட்டையை நார்க் கையுறையாலோ தேங்காய் மட்டையாலோ தேய்த்து வழவழப்பாக்குவது. கத்தியால் சுரண்டினால் பட்டை காயப்பட்டு, நாமே வண்டுக்கு வாசல் திறந்த கதையாகும். பிறகு 200 லிட்டர் தண்ணீருக்கு 20 கிலோ சுண்ணாம்பு, கொஞ்சம் பசை சேர்த்துத் தண்டில் அடிப்பது. மழை கழுவிவிட்டால் திரும்ப அடிக்க வேண்டும். வண்டு பறக்கும் காலம் ஏப்ரல்–மே, மறுபடி அக்டோபர் முதல் டிசம்பர். அதற்கு முன்பே, புடைப்புள்ள செடிகளைத் தேடிப் பிடுங்கி எரித்துவிட வேண்டும். பிடுங்கியதை "அப்புறம் விறகுக்கு ஆகும்" என்று வேலியோரம் அடுக்கினால் அதிலிருந்தே வண்டு கிளம்பும்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். எதையாவது சரிசெய்யச் சொன்னால் நாம் எதையாவது சேர்ப்போம். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தார் 2021-ல் வெளியிட்ட ஆய்வில், லெகோ என்ற விளையாட்டுக் கட்டைகளால் செய்து, மூலையில் ஒரே ஒரு கட்டை தாங்கிய கூரையை உறுதியாக்கச் சொன்னார்கள். சேர்க்கும் ஒவ்வொரு கட்டைக்கும் பரிசுப் பணத்தில் 10 சென்ட் கழிப்பு. அந்த ஒற்றைக் கட்டையை உருவிவிட்டாலே கூரை படிந்து உட்கார்ந்துவிடும். உருவியவர்கள் நூற்றுக்கு 41. "எடுப்பதற்குக் காசு இல்லை" என்று நினைவூட்டியதும் 61. நம் கணக்கு நோட்டு, கையெழுத்துப் படிவம், வாட்ஸ்அப் குழு எல்லாம் இப்படிச் சேர்ந்தவைதான். புதிதாக ஒன்று தொடங்குமுன் பழையதில் எதை நிறுத்தலாம் என்று ஒருமுறை கேளுங்கள்.

பொருளின் பெயரும் கண்ணை மறைக்கும். மெழுகுவத்தி, தீக்குச்சி, குண்டூசிப் பெட்டி கொடுத்து, வத்தியைச் சுவரில் நிறுத்தச் சொன்னார் உளவியலாளர் டுங்கர். 1945-ல் வெளிவந்த சோதனை. பெட்டிக்குள் ஊசி இருந்தபோது பலருக்கு வழி தெரியவில்லை. காலிப் பெட்டியாகக் கொடுத்ததும் அதைச் சுவரில் குத்தித் தட்டாக்கினார்கள். நம் ஜவ்வரிசியும் இதே கதைதான். 1943 வாக்கில் உலகப் போரால் வெளிநாட்டு ஜவ்வரிசி வரத்து நின்றது. ஜவ்வரிசி எடுக்கும் சாகோ பனைக்கு எங்கே போவது என்று கேட்டிருந்தால் தொழிலே பிறந்திருக்காது. மாவுச்சத்துக்கு எங்கே போவது என்று கேட்டதால் மரவள்ளிக்கிழங்கு கிடைத்தது. சேலத்து மாணிக்கம் செட்டியார் தொடங்கிய அந்தக் காலத்தில் ஈர மாவைத் துணியில் இட்டுத் தொட்டில் போல ஆட்டி மணியாக்கினார்கள்.

வீட்டுக்கும் ஒன்று. "மாத்திரை போட்டேனா இல்லையா" என்று அம்மா தினமும் குழம்பினால் ஏழு அறைப் பெட்டி வாங்குங்கள். காலைக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று, நிறம் வேறாக. ஈரம் ஆகாத மாத்திரைகளும் உண்டு; அவற்றை உரிக்காமல் அட்டையோடு வெட்டிப் போடுங்கள்.

கடைசியாக, எதைச் செய்தாலும் மாற்றுவதற்கு முந்தைய இரண்டு வாரக் கணக்கைக் குறித்து வைத்திருங்கள். வெள்ளோட்டத்துக்குக் கைதேர்ந்த ஆசாரியைக் காலை பத்து மணிக்கு உட்கார வைக்காதீர்கள். அவர் தட்டே இல்லாமலும் தப்பு செய்ய மாட்டார். போன வாரம் சேர்ந்த பையனை, சாயங்காலம் ஆறு மணிக்கு, கரண்ட் போய் வந்த கையோடு உட்கார வையுங்கள்.