முர்ரே ஒரு நாள் முன்னாடி விலகியிருந்தா? டென்னிஸ் டிராவைப் புரட்டிப்போடும் 5–17–33 கணக்கு

[திரையில்: பெடரர், நடால் படங்கள். நடுவே பெரிய எழுத்தில் 40]

பெடரரும் நடாலும் நேருக்கு நேர் 40 தடவை மோதியிருக்காங்க. மெல்பர்ன்ல மோதியாச்சு, பாரிஸ்ல மோதியாச்சு, விம்பிள்டன்ல மோதியாச்சு. யு.எஸ். ஓபன்ல எத்தனை தடவை தெரியுமா? ஒண்ணுகூட இல்ல!

2017-ல அதுக்கு ஒரு அருமையான வாய்ப்பு இருந்துச்சு. நடால் நம்பர் 1, முர்ரே நம்பர் 2, பெடரர் நம்பர் 3. முர்ரேவுக்கு இடுப்புல காயம். விம்பிள்டன் கால் இறுதியில சாம் குவெர்ரிகிட்ட நொண்டி நொண்டித் தோத்ததுக்கு அப்புறம் அவர் ஒரு மேட்ச்கூட ஆடல. ஆனா நியூயார்க் வந்தாரு, பயிற்சியும் எடுத்தாரு. ஆடுவாரா மாட்டாரான்னு யாருக்கும் தெரியல. ஆகஸ்ட் 25, வெள்ளிக்கிழமை டிரா, அதாவது யாரு யாரோட ஆடணும்ங்கிற பட்டியல், போட்டாங்க. மறுநாள் சனிக்கிழமை முர்ரே "நான் ஆடல"ன்னு சொல்லிட்டாரு. திங்கள்கிழமை போட்டி ஆரம்பம்.

அந்த ஒரு நாள் தாமதம் என்ன பண்ணுச்சுங்கிறதுதான் இன்னைக்கு வீடியோ. சிலிச், குவெர்ரி, கோல்ஷ்ரைபர், லாக்கோ. இந்த நாலு பேரை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

[திரையில்: 128 வரிகள் கொண்ட டிரா தாள்]

அடிப்படையை வேகமா முடிச்சிடுவோம். கிராண்ட்ஸ்லாம் ஆண்கள் ஒற்றையர்ல 128 பேர். ரேங்கிங் மூலமா நேரா உள்ள வர்றவங்க 104, தகுதிச் சுற்று ஜெயிச்சு வர்றவங்க 16, வைல்டு கார்டு, அதாவது போட்டி நடத்துறவங்க அவங்களா குடுக்கிற இடம், 8. இதுல 32 பேருக்குத்தான் சீடிங், அதாவது பெரிய ஆளுங்க ஆரம்பத்துலயே மோதிக்காம டிராவுல தள்ளித் தள்ளி வைக்கிறதுக்கான வரிசை நம்பர். சீடிங் 1 டிராவோட முதல் வரி, சீடிங் 2 கடைசி வரி, அதாவது 128. இவங்க ரெண்டு பேருக்கும் குலுக்கல் கிடையாது. 3-ம் 4-ம்தான் குலுக்கல்: ஒருத்தர் மேல் பாதி, ஒருத்தர் கீழ்ப் பாதி. அப்போ நம்பர் 3, நம்பர் 1 இருக்கிற பாதியில விழ சரியா பாதிக்குப் பாதி வாய்ப்பு. நாணயம் சுண்டுற மாதிரிதான்.

2017-ல நாணயம் விழுந்த பக்கம்? பெடரர், நடாலோட பாதிக்குப் போயிட்டாரு. அரையிறுதியில மோதலாம், ஃபைனல்ல முடியாது.

இப்போ முர்ரே வியாழக்கிழமையே விலகியிருந்தா? எல்லாரும் ஒரு படி மேல ஏறுவாங்க. பெடரர் சீடிங் 2, ஸ்வெரேவ் 3, சிலிச் 4. நம்பர் 2-க்கு குலுக்கலே இல்லன்னு சொன்னேன்ல? பெடரர் நேரா 128-வது வரிக்கு, எதிர்ப் பாதிக்கு. ரெண்டு பேரும் மோதணும்னா ஃபைனல்லதான் மோதணும்.

ஆனா டிரா போட்டு முடிஞ்சாச்சு. அப்போ வேற சட்டம்.

[திரையில்: 1–4 ← 5 | 5–16 ← 17 | 17–32 ← 33]

டிரா போட்டதுக்கு அப்புறம், முதல் நாள் ஆட்ட அட்டவணை வெளியாகுறதுக்கு முன்னாடி டாப் 4-ல ஒருத்தர் விலகினா, அந்த இடத்துக்கு சீடிங் 5 போகணும். 3 இல்ல, 4 இல்ல, 5. சீடிங் 5 விட்டுட்டுப் போன இடத்துக்கு 17. பதினேழு விட்ட இடத்துக்கு, சீடிங் கிடைக்காதவங்கள்ல ரேங்கிங்ல முதல்ல இருக்கிறவர், அவருக்கு 33-ன்னு நம்பர் குடுப்பாங்க. அவர் விட்ட இடத்துக்கு தகுதிச் சுற்றுல தோத்த ஒரு லக்கி லூசர்.

ஏன் 3-ஐ நகர்த்தக்கூடாது? நியாயமான கேள்வி. டாப் 4 பேரும் ஆளுக்கு ஒரு கால்பகுதிக்குத் தலைவர். 3-ஐ எடுத்து 2-ல வெச்சா, 3-வது கால்பகுதி தலைவர் இல்லாம நிக்கும், அதுக்கு எப்படியும் 5-ஐக் கொண்டுவரணும். ரெண்டு நகர்த்தல் ஆயிடும். கல்யாணப் பந்தியில இலை போட்டு சாதம் வெச்சாச்சு, முன் வரிசையில ஒரு பெரிய மனுஷர் எழுந்து போயிட்டாருன்னு வைங்க. வரிசையில உக்காந்திருக்கிற எல்லாரையும் "கொஞ்சம் தள்ளி உக்காருங்க"ன்னு சொல்வோமா? அடுத்த வரிசையில இருந்து ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து அந்த இலையில உக்கார வைப்போம், அவ்வளவுதான். டிராவும் அப்படித்தான். 32 சீடிங்கையும் ஒவ்வொண்ணா நகர்த்தினா யாரு யாரோட ஆடணும்ங்கிறது மொத்தமா மாறிடும். வீரர்கள் எதிராளியைப் பார்த்துப் பயிற்சியை ஆரம்பிச்சிருப்பாங்க. இந்த 5–17–33 வழியில டிராவுல மாறுறது நாலே நாலு வரி.

[திரையில்: நான்கு அம்புக்குறிகள், ஒவ்வொன்றாக]

முர்ரேவோட 128-வது வரிக்கு சிலிச் வந்தாரு. முதல் சுற்றுல முர்ரேவோட மோத வேண்டிய டென்னிஸ் சாண்ட்கிரென் (ஆமாங்க, அவர் பேரே அதான்) சிலிச்சோட ஆட வேண்டியதாச்சு. சிலிச் இடத்துக்கு 17-ம் சீடிங் சாம் குவெர்ரி. குவெர்ரி இடத்துக்கு கோல்ஷ்ரைபர். கோல்ஷ்ரைபர் இடத்துக்கு லக்கி லூசரா லூகாஸ் லாக்கோ.

இதுல குவெர்ரியைக் கவனிங்க. முதல்ல அவர் இருந்தது பெடரரோட கால்பகுதி. அங்கே இருந்திருந்தா நாலாவது சுற்றுல பெடரர் நிக்கிறாரு. இப்போ அவரைத் தூக்கி எதிர்ப் பாதியில வெச்சாச்சு, கால் இறுதி வரைக்கும் போனாரு. அவர் விட்ட இடத்துல உக்காந்த கோல்ஷ்ரைபர்? நாலாவது சுற்று வந்தாரு, பெடரர்கிட்ட தோத்தாரு. விம்பிள்டன்ல முர்ரேவை வீட்டுக்கு அனுப்பினவர் குவெர்ரி, அதே முர்ரேவோட காயத்தால நியூயார்க்ல லாபம் அடைஞ்சவரும் குவெர்ரி. இதையெல்லாம் எழுதிக் குடுத்தா எந்த டைரக்டரும் "நம்புற மாதிரி இல்ல சார்"னு திருப்பி அனுப்பிடுவாரு.

கீழ்ப் பாதியோட நிலைமை என்ன ஆச்சு? அங்கே கிராண்ட்ஸ்லாம் ஜெயிச்ச அனுபவம் இருந்த ஒரே ஆள் சிலிச். அவர் மூணாவது சுற்றுல ஸ்வார்ட்ஸ்மேன்கிட்ட காலி. ஸ்வெரேவ் ரெண்டாவது சுற்றுலயே காலி. கடைசியில அரையிறுதி ஆடினது கெவின் ஆண்டர்சனும் கரேனோ புஸ்டாவும். 28-ம் சீடிங் ஆண்டர்சன் ஃபைனல் வந்தாரு, நடால் 6-3, 6-3, 6-4-ன்னு முடிச்சாரு. மேல் பாதியில நடால், பெடரர், டெல் போட்ரோ மூணு பேரும் ஒரே கூட்டுக்குள்ள. டெல் போட்ரோ கால் இறுதியில பெடரரை வீழ்த்தினாரு, அரையிறுதியில நடால் டெல் போட்ரோவை.

சமூக வலைத்தளத்துல முர்ரேவை அன்னைக்குத் திட்டித் தீர்த்தாங்க. என் கருத்து வேற. அவருக்கு இருந்தது நிஜக் காயம். 2018 ஜனவரியில இடுப்புல ஆபரேஷன், 2019-ல உலோக இடுப்பே வெச்சுக்கிட்டாரு. கடைசி நிமிஷம் வரைக்கும் முயற்சி பண்ணிப் பார்க்கிற உரிமை வீரருக்கு உண்டு. டிராவை வெள்ளிக்கிழமைதான் போடணும்னு அவர் சொல்லலையே?

சரி, அடுத்த கட்டம். அட்டவணையும் வந்ததுக்கு அப்புறம் விலகினா?

[திரையில்: மெல்பர்ன், ஜனவரி 2022]

ஜோகோவிச் விசா விவகாரம் உங்க எல்லாருக்கும் தெரியும், அதனால அந்த அரசியலுக்குள்ள போகல. தேதி மட்டும் போதும். ஜனவரி 6 விசா ரத்து, 10 கோர்ட் திருப்பிக் குடுத்துச்சு. 13-ம் தேதி டிரா, அதையே ஒரு மணி நேரத்துக்கு மேல தள்ளிப் போட்டாங்க. ஜோகோவிச்சை முதல் வரியிலயே வெச்சாங்க, எதிராளி கெச்மானோவிச். 14 மந்திரி மறுபடி ரத்து, 16 ஞாயிற்றுக்கிழமை ஃபெடரல் கோர்ட் கதவைச் சாத்திடுச்சு. 17 போட்டி ஆரம்பம். ஆனா அதுக்குள்ள திங்கள்கிழமை அட்டவணை வெளியாயிருந்துச்சு.

அட்டவணை வந்தாச்சுன்னா 5–17–33 ரயில் கிளம்பாது. காலியான இடத்துக்கு நேரா லக்கி லூசர். டிராவோட உச்சியில, நம்பர் 1 உக்கார வேண்டிய வரியில, உலக ரேங்கிங் 150-ல இருந்த இத்தாலியர் சல்வடோர் கருசோ! கெச்மானோவிச் அவரை 6-4, 6-2, 6-1-ன்னு ஜெயிச்சு நாலாவது சுற்று வரைக்கும் போனாரு.

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. நிறைய பேர் கெச்மானோவிச்சைத்தான் அதிர்ஷ்டசாலின்னு சொன்னாங்க. நான் காயெல் மான்பில்ஸைச் சொல்வேன். ஏன்? அவர் சீடிங் 17. தீர்ப்பு அட்டவணைக்கு முன்னாடி வந்திருந்தா, 5-ம் சீடிங் ரூப்லெவ் முதல் வரிக்குப் போயிருப்பாரு, மான்பில்ஸ் ரூப்லெவ் இடத்துக்கு, அதாவது மெத்வதேவ் இருந்த கால்பகுதிக்குப் போயிருக்கணும். தாமதம் ஆனதால மான்பில்ஸ் இருந்த இடத்துலயே இருந்தாரு, அதுவும் நாலாவது சுற்றுல ஜோகோவிச்சைச் சந்திக்க வேண்டிய இடம்! அந்த நாற்காலியில கெச்மானோவிச் உக்காந்திருந்தாரு, மான்பில்ஸ் ஜெயிச்சு கால் இறுதி போயிட்டாரு. யாருமே இல்லாத சீடிங் 1-ஐத் தாண்டிப் போன மாதிரி.

லைக் பட்டனை இன்னும் தொடாதவங்க இந்த இடத்துல தொட்டுடுங்க, ஏன்னா அடுத்து வர்றது பாட்டி கதை.

[திரையில்: பார்சிலோனா முதல் பாரிஸ் வரை வரைபடம்]

லக்கி லூசர் எப்படித் தேர்வாகுறாரு? தகுதிச் சுற்றோட கடைசி ரவுண்டுல தோத்தவங்கள்ல ரேங்கிங்ல மேல இருக்கிற நாலு பேரை எடுத்து, அவங்களுக்குள்ள குலுக்கல் போட்டு வரிசை போடுறாங்க. நேரா ரேங்கிங்படி குடுத்தா என்ன? குடுத்தா, வரிசையில முதல் ஆளுக்கு "ஒருத்தர் விலகப்போறாரு"ன்னு தெரிஞ்சா அந்தக் கடைசி மேட்ச்சைத் தோத்தாலும் கவலை இல்லங்கிற நிலை வந்துடும். குலுக்கல் அதைத் தடுக்குது. நாலுக்கு மேல இடம் காலியானா பட்டியல் கீழ இறங்கும். முக்கியமான நிபந்தனை: அன்னைக்குக் காலையில ஆட்டம் தொடங்குறதுக்கு முன்னாடி நேர்ல வந்து கையெழுத்துப் போட்டிருக்கணும். வேற ஊர்ல வேற போட்டி ஆடப் போயிட்டா, வரிசை உங்களைத் தாண்டிப் போயிடும்.

2018 ஃபிரெஞ்ச் ஓபன்ல ஆண்கள் பிரிவுல மட்டும் எட்டு லக்கி லூசர்கள். எட்டாவது இடம் நிக் கிர்கியோஸ் முழங்கைக் காயத்தால விலகினப்போ திறந்துச்சு. அந்த வாய்ப்பு நம்ம சென்னைப் பையன் பிரஜ்னேஷ் குணேஸ்வரனுக்கு வந்திருக்கணும், அது அவரோட முதல் கிராண்ட்ஸ்லாமா இருந்திருக்கும். ஆனா அவர் அதுக்குள்ள இத்தாலியில விசென்சா சேலஞ்சர்ங்கிற கீழ்மட்டப் போட்டி ஆடக் கிளம்பியாச்சு. கிளம்பினது தப்பா? இல்லவே இல்ல. சேலஞ்சர்ல பாயிண்ட் நிச்சயம், பாரிஸ்ல உக்காந்து யாராவது காயப்படுவாங்களான்னு பார்த்துட்டு இருந்தா ஹோட்டல் பில்தான் நிச்சயம்.

அழைப்பு அர்ஜென்டினாவோட மார்கோ டிருங்கெலிட்டிக்குப் போச்சு. அவர் பாரிஸை விட்டு பார்சிலோனா வீட்டுக்கே போயிட்டாரு. மறுநாள் காலை மேட்ச். வாடகைக் கார் எடுத்து, அம்மா, தம்பி, 88 வயசுப் பாட்டி எல்லாரையும் ஏத்திக்கிட்டு சுமார் 1,000 கிலோமீட்டர், பத்து மணி நேரம். நள்ளிரவுல பாரிஸ், காலையில கோர்ட், பெர்னார்ட் டோமிச்சை நாலு செட்ல ஜெயிச்சுட்டாரு. மறுநாள் பத்திரிகையில வீரரைவிடப் பாட்டி படம்தான் பெருசு.

பிரஜ்னேஷுக்கு அந்தக் கணக்கு அப்புறம் நேரானது. 2020 ஆஸ்திரேலிய ஓபன்ல அவரே லக்கி லூசரா உள்ள வந்தாரு. முதல் சுற்றுல டட்சுமா இட்டோவை ஜெயிச்சிருந்தா அடுத்து ஜோகோவிச். தோத்துட்டாரு, என்ன பண்றது.

காசு விஷயம் ஒரு நிமிஷம். முன்னெல்லாம் காயத்தோட வந்து முதல் சுற்றுல ரெண்டு கேம் ஆடிட்டு விலகினாலும் முழுப் பரிசுத் தொகை. 2017 விம்பிள்டன்ல சென்டர் கோர்ட்ல ஒரே நாள்ல ஜோகோவிச், பெடரர் ரெண்டு பேரோட எதிராளிகளும் அடுத்தடுத்து பாதியில விலகினாங்க. டிக்கெட் வாங்கினவங்க கொந்தளிச்சாங்க. அதனால 2018-ல புது விதி: போட்டி தொடங்குறதுக்கு முந்தின வியாழன் மதியம் 12 மணிக்கு அப்புறம், இடத்துக்கு வந்து விலகுறவருக்கு முதல் சுற்றுத் தொகையில பாதி. மீதிப் பாதி லக்கி லூசருக்கு. காயத்தை மறைச்சு ஆடி அரைகுறையா விட்டா, அந்தத் தொகை முழுசும் அபராதமா போகலாம்.

முதல் சுற்று ஆடின பிறகு விலகினா மாற்று ஆள் கிடையாது, எதிராளிக்கு வாக்ஓவர். 2022 விம்பிள்டன்ல நடால் விலகினதும் கிர்கியோஸ் அரையிறுதி ஆடாமலே ஃபைனல் போனது அப்படித்தான்.

அடுத்த தடவை ஒரு பெரிய ஆள் "சந்தேகம்"னு செய்தி வந்தா, அவரை விட்டுட்டு முதல்ல மணியைப் பாருங்க. டிரா போட்டாச்சா? இல்லன்னா ரேங்கிங் 33-ல இருக்கிறவரைக் கவனிங்க. சீடிங் இல்லாத 96 பேர்ல 32 பேருக்கு முதல் சுற்றுலயே சீடிங் வீரர் எதிராளி, அதாவது மூணுல ஒரு பங்கு ஆபத்து. 32-க்குள்ள நுழைஞ்சுட்டா மூணாவது சுற்று வரைக்கும் அந்த ஆபத்தே இல்ல. டிரா போட்டாச்சு, அட்டவணை வரலைன்னா, 5-ம் 17-ம் எங்கே இருக்காங்கன்னு வட்டம் போடுங்க, ரெண்டு பேரும் இடம் மாறப்போறாங்க. அட்டவணையும் வந்தாச்சுன்னா, அந்தக் கால்பகுதியில நாலாவது சுற்றுல அவரைச் சந்திக்க வேண்டியவர் யாருன்னு பாருங்க, அந்த வருஷ மான்பில்ஸ் அவர்தான்.

டாப் 4-ல ஒருத்தர் டிராவுக்கு அப்புறம் விலகினா டிராவையே மறுபடி போடணுமா, இல்ல 5–17–33-யே போதுமா? கமெண்ட்ல சண்டை போடுங்க. முர்ரே ரசிகர்கள் முதல்ல வரலாம்.