30% நேரம் சும்மா நிற்கும் மெஷின் முன்னால் வரிசை ஏன் முடிவில்லாமல் வளர்கிறது?

[திரையில்: இரண்டு மெஷின்கள். நடுவே எதிரெதிர் திசையில் இரண்டு அம்புகள்.]

இரண்டே இரண்டு மெஷின். ஒவ்வொன்றுக்கும் மணிக்கு 42 நிமிட வேலைதான் வருகிறது. மீதி 18 நிமிடம் ஓய்வு. ரிப்பேர் கிடையாது, ஆள் பற்றாக்குறை கிடையாது, மூலப்பொருள் தாமதம் கிடையாது. ஆனாலும் வரிசை வளர்கிறது. 100 ஜாப் காத்திருந்த இடத்தில் 150 காத்திருக்கிறது. பிறகு 225. பிறகு 337. எவ்வளவு நாள் ஓட்டினாலும் குறையாது.

மெஷின் மேல் குற்றமே இல்லை. எந்த ஜாப் முதலில் என்று முடிவு செய்யும் ஒரு விதிதான் இதைச் செய்கிறது. அதுவும் கேட்டவுடன் எல்லோரும் சரி என்று தலையாட்டும் விதி. கடைசிவரை பாருங்கள், காகிதத்தில் நீங்களே போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது.

வணக்கம். நெகிழ்வு உற்பத்தி அமைப்புகளைக் கணிதத்தால் எப்படி எழுதுகிறோம், எப்படிக் கட்டுப்படுத்துகிறோம் என்பதுதான் இன்றைய தலைப்பு.

முன்கதையை வேகமாக முடித்துவிடுகிறேன். பல சிஎன்சி மெஷின்கள் (கணினி கட்டளைப்படி தானாக வேலை செய்பவை), அவற்றுக்கிடையே ஜாப்பை எடுத்துப்போகும் ரோபோ அல்லது கன்வேயர், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கணினி. ஒரே நேரத்தில் பல வகைப் பொருட்களை, வெவ்வேறு பாதைகளில், செட்டப்புக்காகப் பெரிதாக நிறுத்தாமல் செய்யும். இதுதான் நெகிழ்வு உற்பத்தி அமைப்பு, ஆங்கிலச் சுருக்கத்தில் எஃப்.எம்.எஸ். 1960களில் பிரிட்டனின் மோலின்ஸ் நிறுவனத்தில் தியோ வில்லியம்சன் வடிவமைத்த ‘சிஸ்டம் 24’தான் இதன் முன்னோடி. ஆள் பார்வை அதிகம் இல்லாமல் 24 மணி நேரமும் ஓட வேண்டும் என்ற கனவு அந்தப் பெயரிலேயே இருக்கிறது. சிகரெட் செய்யும் இயந்திரங்களுக்குப் பேர்போன நிறுவனத்திலிருந்து இது வந்தது என்பது எனக்கு இன்றும் வியப்புதான். சரி, முன்கதை அவ்வளவுதான்.

இப்போது அந்த இரண்டு மெஷினுக்கு வருவோம். ஒரு பேப்பர் எடுத்துக்கொள்ளுங்கள்.

[திரையில்: ‘அ’ வகை நீலத்தில், ‘ஆ’ வகை சிவப்பில்.]

‘அ’ வகை ஜாப் முதலில் மெஷின் 1க்குப் போகும், அங்கே 6 நிமிடம். பிறகு மெஷின் 2க்குப் போகும், அங்கே 36 நிமிடம். வேலை முடிந்தது, வெளியே போய்விடும்.

‘ஆ’ வகை அப்படியே தலைகீழ். முதலில் மெஷின் 2இல் 6 நிமிடம், பிறகு மெஷின் 1இல் 36 நிமிடம்.

ஒவ்வொரு வகையிலும் மணிக்கு ஒரு ஜாப் உள்ளே வருகிறது. மெஷின் 1இன் சுமை என்ன? ‘அ’வுக்கு 6, ‘ஆ’வுக்கு 36, மொத்தம் 42 நிமிடம். மெஷின் 2க்கும் அதே 42. அதாவது 70 சதவீதம். எந்தத் திட்டமிடல் பொறியாளரிடம் காட்டினாலும் “தாராளமாகப் போதும்” என்று கையெழுத்துப் போடுவார்.

அடுத்து விதி: ஒரு மெஷின் முன்னால் இரண்டு வகையும் காத்திருந்தால், கடைசிக் கட்டத்தில் இருக்கும் ஜாப்புக்கு முன்னுரிமை. முடியப்போவதை முடித்து வெளியே அனுப்பு, பிறகு புதிதைத் தொடு. நியாயமான விதியாகத்தானே தெரிகிறது? எனக்கும் அப்படித்தான் தோன்றும்.

ஏதோ ஒரு காரணத்தால் மெஷின் 1 முன்னால் 100 ‘அ’ ஜாப்கள் சேர்ந்துவிட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற இடமெல்லாம் காலி. மெஷின் 1 அவற்றை ஆறாறு நிமிடத்தில் விறுவிறுவென்று தள்ளிவிடுகிறது, மணிக்கு 10. வழியில் புதிதாக வருவதையும் சேர்த்து 11 மணி நேரத்தில் அதன் வரிசை தீர்ந்துவிடும். ஆனால் அந்தக் குவியல் எங்கே போனது? மெஷின் 2 முன்னால். அங்கே ஒவ்வொன்றுக்கும் 36 நிமிடம்.

‘அ’வுக்கு மெஷின் 2தான் கடைசிக் கட்டம். அதனால் அங்கே ‘அ’வுக்கே முன்னுரிமை. அதே மெஷினில் முதல் 6 நிமிட வேலைக்காக வரும் ‘ஆ’ ஜாப்கள் எல்லாம் ஓரமாக நிற்கின்றன. எவ்வளவு நேரம்? மெஷின் 2 மணிக்கு 1.67 ஜாப் முடிக்கும், மணிக்கு 1 புதிதாக வரும். நிகரமாக மணிக்கு 0.67தான் குறைகிறது. 100ஐ 0.67ஆல் வகுத்தால் 150 மணி நேரம்.

இந்த 150 மணி நேரத்தில் மெஷின் 1 என்ன செய்கிறது? ஆரம்பத்தின் 11 மணி நேரம் போக, மணிக்கு 6 நிமிடம் மட்டும் வேலை செய்கிறது. மீதி 54 நிமிடம் நிற்கிறது. அது செய்ய வேண்டிய 36 நிமிட ‘ஆ’ வேலைகள் மெஷின் 2இன் வாசலில் மாட்டிக்கொண்டிருக்கின்றன, இது வரை வந்து சேரவே இல்லை!

150 மணி முடிவில் ‘அ’ எல்லாம் தீர்ந்தது. ஆனால் மெஷின் 2 முன்னால் இப்போது 150 ‘ஆ’ ஜாப்கள். இனி அதே கதை கண்ணாடியில் பார்த்தது போல நடக்கும். 150 ‘ஆ’ தீர 225 மணி நேரம், அதற்குள் 225 ‘அ’ சேரும். ஊஞ்சல் ஒவ்வொரு வீச்சுக்கும் முந்தியதைவிட உயரமாகப் போவது போல, சுற்றுக்கு ஒன்றரை மடங்கு.

[திரையில்: வரிசை நீளத்தின் வரைபடம். மாறி மாறி எழும் நீல, சிவப்பு முக்கோணங்கள், ஒவ்வொன்றும் முந்தியதைவிடப் பெரிதாக.]

ஏன் இப்படி? மெஷின் 2 ‘அ’வை முடித்துக்கொண்டிருக்கும்போது மெஷின் 1க்கு ‘ஆ’ வராது. மெஷின் 1 ‘ஆ’வை முடித்துக்கொண்டிருக்கும்போது மெஷின் 2க்கு ‘அ’ வராது. ஆக, இரண்டு 36 நிமிட வேலைகளும் ஒரே நேரத்தில் நடக்கவே முடியாது. இரண்டு தனித்தனி மெஷினில் இருந்தும், ஒரே மெஷினைப் பங்குபோட்டுக்கொள்வது போல மாறி மாறித்தான் நடக்கின்றன. அந்தக் கண்ணுக்குத் தெரியாத மெஷினின் சுமை 36 கூட்டல் 36, அதாவது மணிக்கு 72 நிமிடம். ஒரு மணியில் 60தானே இருக்கிறது! ஆய்வாளர்கள் இதை வர்ச்சுவல் ஸ்டேஷன் என்கிறார்கள். தரையில் அப்படி ஒரு மெஷின் இல்லை. விதிதான் அதைப் படைத்தது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

விதியைத் திருப்பிப் போடுங்கள். முதல் கட்ட வேலைக்கு முன்னுரிமை. இப்போது எந்த மெஷினிலும் முதல் கட்டம் மணிக்கு 6 நிமிடம் எடுக்கும், மீதி 54 இருக்கிறது. கடைசிக் கட்டத்துக்குத் தேவை 36. தாராளம். புதிய மெஷின் வாங்கவில்லை, வேகத்தைக் கூட்டவில்லை, வரிசை கரைந்துவிடுகிறது.

உற்பத்தி அமைப்புகளில் இப்படிப்பட்ட நிலைகுலைவு வரும் என்று 1990இல் பி.ஆர். குமாரும் தாமஸ் சைட்மனும் காட்டினார்கள். நான் சொன்ன இந்த எதிரெதிர்ப் பாதை அமைப்பை 1992இல் ரிப்கோவும் ஸ்டோல்யாரும் ஆராய்ந்தார்கள். 1994இல் மோரி பிராம்சன் இன்னும் ஒரு படி மேலே போனார். முதலில் வந்தவருக்கு முதலில் என்ற விதிகூட, சுமை நூறு சதவீதத்துக்குக் கீழே இருந்தும், சில அமைப்புகளில் வரிசையை வெடிக்க வைக்கும் என்று நிரூபித்தார். ஒவ்வொரு மெஷினின் சுமையையும் தனித்தனியாகக் கூட்டிப் பார்த்துவிட்டு கெபாசிட்டி போதும் என்று சொல்லும் எக்செல் ஷீட்டை நான் நம்பாததற்கு இதுதான் காரணம்.

வீடியோவை இங்கே நிறுத்திவிட்டு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பழைய விதியே இருக்கட்டும். ‘அ’வின் கடைசி வேலை 40 நிமிடம், ‘ஆ’வின் கடைசி வேலை 15 நிமிடம். 100இல் தொடங்கினால் என்ன ஆகும்?

போட்டீர்களா? 100 முதலில் 200 ஆகும், பயமுறுத்தும். அடுத்த வீச்சில் 67க்கு இறங்கிவிடும். 40 கூட்டல் 15 என்பது 60க்குள் அடங்குகிறது, அதனால் பிழைத்துக்கொண்டது.

சரி, வரிசை வளர்வது ஒரு நோய். மொத்தமாக உறைந்து நிற்பது இன்னொரு நோய், டெட்லாக்.

ஒரு ரோபோ, ஒரு மெஷின். மெஷினில் முடிந்த ஜாப் இருக்கிறது, ரோபோ வந்து எடுக்க வேண்டும். ரோபோவின் கையில் புதிய ஜாப் இருக்கிறது, மெஷின் காலியாக வேண்டும். அவ்வளவுதான், இரண்டும் என்றென்றைக்கும் காத்திருக்கும். இதைப் பிடிக்கத்தான் பெட்ரி நெட். கார்ல் ஆடம் பெட்ரி 1962இல் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டில் இதற்கு அடித்தளம் போட்டார். வட்டம் என்றால் ஒரு நிலை, பட்டை என்றால் ஒரு நிகழ்வு, வட்டத்துக்குள் இருக்கும் புள்ளி டோக்கன். ஒரு பட்டைக்குள் வரும் எல்லா வட்டங்களிலும் டோக்கன் இருந்தால்தான் அந்த நிகழ்வு நடக்கும். நடந்தால் அந்த டோக்கன்கள் போய், அடுத்த வட்டங்களில் புதிய டோக்கன்கள் விழும். மொத்தத்தையும் ஒரு அணியாக (மேட்ரிக்ஸ்) எழுதிவிடலாம்.

[திரையில்: ரோபோ, மெஷின் பெட்ரி நெட். டோக்கன்கள் நகர்ந்து, ஓரிடத்தில் எல்லாம் நின்றுவிடுகிறது.]

ஏன் வெறுமனே எல்லா நிலைகளையும் பட்டியல் போட்டுப் பார்க்கக் கூடாது? ஒரு மெஷினுக்கு 4 நிலை என்றால், 10 மெஷினுக்குப் பத்து லட்சத்துக்கு மேல். 20 மெஷினுக்கு ஒரு லட்சம் கோடிக்கு மேல். பெட்ரி நெட்டில் அந்தப் பட்டியலே இல்லாமல் படத்தின் அமைப்பை வைத்தே ஆபத்தைக் கண்டுபிடிக்கலாம். ஒரு வட்டக் கூட்டம் ஒருமுறை டோக்கன் இல்லாமல் காலியாகிவிட்டால் பிறகு நிரம்பவே நிரம்பாது என்றால், அதற்குப் பெயர் சைஃபன். 1995இல் எஸ்பெலெட்டா, கோலோம், மார்டினெஸ் மூவரும் ஒரு பெரிய எஃப்.எம்.எஸ். வகைக்கு, சைஃபன்கள் காலியாகாமல் காக்கக் கூடுதலாகச் சில வட்டங்களைச் சேர்த்தால் போதும் என்று காட்டினார்கள். நம் ரோபோவுக்கு ஒரே ஒரு வட்டம் போதும்: மெஷின் காலியாக இருந்தால் மட்டும் புதிய ஜாப்பைக் கையில் எடு. மெஷின்களை இயக்கும் சிறு கணினியான பிஎல்சியில் எழுதினால் ஒரு வரி.

ஷெட்யூலிங், அதாவது எந்த ஜாப்பை எந்த மெஷினில் எப்போது செய்வது என்ற திட்டம், பற்றி ஒன்று மட்டும். 1963இல் வெளியான 10 ஜாப், 10 மெஷின் புதிர் ஒன்றில் எல்லா ஜாப்களையும் முடிக்க, இதற்குமேல் குறைக்க முடியாத நேரம் 930 அலகு என்று நிரூபிக்க 1989 ஆனது. கார்லியேரும் பின்சனும் முடித்தார்கள். இருபத்தாறு ஆண்டுகள், வெறும் பத்து மெஷினுக்கு! அதனால்தான் ஷாப் ஃப்ளோரில் முழுமையான விடையைத் தேடாமல் எளிய முன்னுரிமை விதிகளை நம்புகிறோம். அந்த விதிகள் என்ன செய்யக்கூடும் என்றுதான் இப்போது பார்த்தோம்.

கடைசியாகக் கட்டுப்பாடு. 1980களில் ராமேஜும் வோன்ஹாமும் ஒரு அழகான கேள்வியை எழுப்பினார்கள். தொழிற்சாலையில் நடக்கும் நிகழ்வுகளில் எதை நம்மால் தடுக்க முடியும், எதைத் தடுக்க முடியாது? மெஷினைத் தொடங்குவதைத் தடுக்கலாம். தொடங்கிய வேலை முடிவதையும், மெஷின் பழுதாவதையும் தடுக்க முடியாது. இரண்டு மெஷினுக்கு நடுவே ஒரே ஒரு ஜாப் வைக்கும் பஃபர், அதாவது தற்காலிக இடம், இருக்கிறது என்று வையுங்கள். பஃபர் நிரம்பியிருக்கும்போது முதல் மெஷினைத் தொடங்கலாமா? அது முடிப்பதற்குள் இரண்டாவது மெஷின் பஃபரைக் காலி செய்துவிடும் என்று நாம் நினைப்போம். பெரும்பாலும் செய்துவிடும். ஆனால் நடுவில் அது பழுதானால்? முடிந்த ஜாப்பை வைக்க இடமில்லை. அதனால் அவர்களின் சூப்பர்வைசர் (ஆள் இல்லை, எந்த நிகழ்வைத் தடுப்பது என்று முடிவு செய்யும் கட்டுப்பாட்டு விதித்தொகுப்பு) தொடங்கவே விடாது. தேவையில்லாத எதையும் தடுக்காமல், ஆபத்துக்குப் போகும் கடைசிக் கதவை மட்டும் மூடுவதுதான் அதன் சிறப்பு. இரண்டும் பழுதாகிவிட்டால், இரண்டாவது மெஷினை முதலில் சரிசெய் என்ற விதியையும் இதே மொழியில் சேர்த்து எழுதலாம்.

ஆனால் ஒரு குறை உண்டு, அதைச் சொல்லியே ஆக வேண்டும். அடிப்படை வடிவத்தில் இந்தச் சூப்பர்வைசருக்குக் கடிகாரம் தெரியாது. எந்த நிகழ்வு முன்னால், எது பின்னால் என்பது மட்டுமே தெரியும். நம் 70 சதவீத மெஷின்களின் வீக்கத்தை அது பார்க்கவே பார்க்காது, ஏனென்றால் அங்கே தடுக்க வேண்டிய நிகழ்வு எதுவும் நடக்கவில்லை. அதற்கு நேரத்தையும் வரவு வேகத்தையும் வைத்துப் போடும் வரிசைக் கணக்கு தனியாக வேண்டும். ஒரு மாடலை மட்டும் வைத்துக்கொண்டு எஃப்.எம்.எஸ்.ஸை முழுதாகப் புரிந்துகொண்டேன் என்று யாராவது சொன்னால், எந்த மாடல் என்று முதலில் கேளுங்கள்.

ஷாப் ஃப்ளோரில் வேலை செய்பவர்கள் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால், உங்கள் லைனில் எந்த ஜாப் முதலில் என்பதை எந்த விதி முடிவு செய்கிறது என்று கமெண்டில் எழுதுங்கள். ஜாப்கள் எதிரெதிர்ப் பாதையில் போகும் லைனாக இருந்தால் கட்ட நேரங்களையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்த வீடியோவில் அந்த எண்களைப் போட்டு ஓட்டிப் பார்க்கலாம்.