இழுக்காத காந்தம்: இதயத்துக்குள் கதீட்டரைத் திருப்பும் விதம்

[திரையில்: அறுவை மேசை. இருபுறமும் ஆளுயர வெண்ணிறப் பெட்டிகள்.]

காந்தம் என்றதும் இழுக்கும் என்றுதான் நினைப்போம். இந்தப் பெட்டிகளுக்குள் இருக்கும் காந்தங்கள் இதயத்துக்குள் உள்ள கருவியை இழுப்பதில்லை, திருப்புகின்றன.

இதயத் துடிப்பு தாறுமாறாகும்போது, அதற்குக் காரணமான தசைப்பகுதியை வெப்பத்தால் சுட்டுச் செயலிழக்கச் செய்வார்கள். இதுதான் அப்லேஷன். தொடை இடுக்கில் உள்ள சிரை வழியாகக் கதீட்டர் என்ற மெல்லிய குழாய் இதயம் வரை போகும்.

[திரையில்: கைப்பிடியைத் திருகும் கை. மறுமுனையில் வளையும் கதீட்டர்.]

வழக்கமான கதீட்டரில் கைப்பிடியைத் திருகினால், ஏறக்குறைய ஒரு மீட்டருக்கு அப்பால் முனை வளைய வேண்டும். அந்த விசை போய்ச் சேரக் குழாய் விறைப்பாக இருந்தாக வேண்டும். இதயத்தின் மேலறைச் சுவரோ சில மில்லிமீட்டர்தான், அதுவும் துடித்துக்கொண்டே இருக்கும். கொஞ்சம் அழுத்தம் கூடினால் துளை விழலாம்.

[திரையில்: கதீட்டர் முனை, பெரிதாக்கிய படம்.]

காந்தக் கதீட்டர் துவளக்கூடியது. அதன் முனையில் சிறு காந்தங்கள் பதிந்திருக்கும். வெளிக் காந்தங்களின் புலம் சுமார் 0.1 டெஸ்லா. 1.5 டெஸ்லா எம்.ஆர்.ஐ. கருவியோடு ஒப்பிட்டால் பதினைந்தில் ஒரு பங்கு. சீரான புலத்தில் முனையின் வட துருவம் ஒரு பக்கமும் தென் துருவம் எதிர்ப்பக்கமும் சம விசையோடு இழுபடும். இழுப்பு ரத்தாகிவிடும், திருப்பம் மட்டும் மிஞ்சும். திசைகாட்டி முள் வடக்கே திரும்புகிறதே தவிர, வடக்கு நோக்கி ஓடிவிடுவதில்லை அல்லவா? அதே கதைதான்.

குழாயை முன்னே தள்ளுவது தொடையருகே உள்ள ஒரு மோட்டார். மருத்துவர் பக்கத்து அறையில் அமர்ந்து, திரையில் தெரியும் அம்புக்குறியைத் திருப்புவார். பெரிய காந்தங்கள் அதற்கேற்பச் சுழலும், முனையும் திரும்பும். அவர் மேல் எக்ஸ்ரே கதிர்வீச்சும் படாது, மணிக்கணக்கில் ஈயக் கவச உடையைச் சுமக்கும் முதுகுவலியும் இல்லை.

[திரையில்: சுவரைத் தொடும் முனை.]

இங்கே கவனியுங்கள். முனை சுவரைத் தொட்டபின் மோட்டார் மேலும் தள்ளினால், முனை சுவரைக் குத்துவதற்கு முன்பே குழாய் வளைந்துகொடுத்துவிடும். சுவர் அசைந்தால் முனையும் கூடவே அசையும். துளை விழும் ஆபத்து குறைவாக இருப்பதற்கு இந்தத் துவளலே காரணம். பலமாக அழுத்த முடியாமல் போவதற்கும் இதுவேதான் காரணம்.

செலவு அதிகம். தனி அறை வேண்டும். இரும்புக் கருவிகளை அருகே விடக்கூடாது. பேஸ்மேக்கர் பொருத்தியவர்களுக்கு முன்பரிசோதனை அவசியம். எளிதில் எட்டும் இடங்களுக்குத் தேர்ந்த மருத்துவரின் கையே போதும் என்பது என் கருத்து.

[திரையில்: பெருந்தமனி வழியாகப் பின்னோக்கிச் செல்லும் பாதை.]

பிறவிக் குறைபாட்டுக்காக அறுவை சிகிச்சை செய்த இதயங்களின் நிலை வேறு. சிலருக்கு வழக்கமான சிரைப் பாதையே அடைபட்டிருக்கும். பெருந்தமனியின் வளைவில் திரும்பி, ரத்தம் வரும் திசைக்கு எதிராக உள்ளே நுழைய வேண்டியிருக்கும். கை தரும் திருகல் ஒவ்வொரு வளைவிலும் தேய்ந்துகொண்டே போகும். காந்த விசை நேராக முனையிலேயே வேலை செய்வதால், வழியில் எத்தனை வளைவு இருந்தாலும் அது குறைவதில்லை.