இடமறிந்து நின்ற சாம் ஹார்டி

நண்பர்களே, வணக்கம்.

கோல்கீப்பர் என்றதும் காற்றில் கிடையாகப் பாயும் ஒருவர்தான் நம் கண்முன் வருவார். நான் இன்று பேச வந்திருக்கும் இங்கிலாந்துக் கால்பந்து கோல்கீப்பர் சாம் ஹார்டி அந்த ரகம் இல்லை. பந்து எங்கே வரும் என்று முன்கூட்டியே கணித்து, அங்கே போய் நின்றுகொள்வார். பார்க்கிறவர்களுக்கு, பந்து தானாக அவரைத் தேடி வந்ததுபோல இருக்கும்.

செஸ்டர்ஃபீல்டு பக்கத்து நியூபோல்டில் பிறந்தவர். செஸ்டர்ஃபீல்டு அணிக்கு ஆடியபோது, லிவர்பூலுக்கு எதிரான ஓர் ஆட்டத்தில் ஆறு கோல் விட்டார். ஆனாலும் லிவர்பூல்காரர்கள் அவரிடம் ஏதோ கண்டுகொண்டார்கள். 1905இல் விலைகொடுத்து வாங்கினார்கள். ஆறு கோல் வாங்கியவரின் ஆட்டத்தில் திறமையைப் பார்க்க நல்ல கண் வேண்டும்! அந்த சீசனைத் தடுமாற்றத்துடன் தொடங்கிய அணி, வயதான நெட் டாய்கின் இடத்தில் ஹார்டி வந்த பிறகு நிமிர்ந்தது. 1906இல் லீக் பட்டம் லிவர்பூலுக்கு.

அன்றைய விதிகளைத் தெரிந்துகொண்டால்தான் அவர் அருமை புரியும். 1912 வரை கோல்கீப்பர் தன் பாதி மைதானம் முழுவதிலும் பந்தைக் கையால் தொடலாம். பந்தைக் கையில் பிடித்துவிட்டாலோ, எதிரணி ஃபார்வர்டு தோளால் மோதி அவரைப் பந்தோடு கோலுக்குள் தள்ளலாம்; அதில் தவறே இல்லை. அதனால் பலர் பந்தைப் பிடிக்காமல் குத்தி அனுப்பினார்கள். 1912இல்தான் கையால் தொடும் உரிமை, கோலுக்கு முன்னால் கோடிட்ட பெட்டியான பெனால்டி ஏரியாவுக்குள் சுருங்கியது. பந்தைத் தேடி வெகுதூரம் ஓடிவந்து ஆடிப் பழகியவர்களுக்கு இது பெரிய அடி. ஹார்டியின் பலமோ கோல் வாயில் சரியான இடத்தில் நிற்பது. விதி மாறியதால் அவருக்குப் பெரிய நஷ்டம் இல்லை என்பது என் கருத்து.

அதே 1912இல் ஆஸ்டன் வில்லாவுக்குப் போனார். அடுத்த ஏப்ரலில், தோற்றால் வெளியேறும் முறையில் நடக்கும் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பையின் இறுதி ஆட்டம், லண்டன் கிரிஸ்டல் பேலஸில். எதிரே அந்த ஆண்டின் லீக் சாம்பியன் சண்டர்லாந்து. 1,20,000 பேருக்கு மேல் கூட்டம். இரண்டாம் பாதியில் ஹார்டிக்கு அடிபட்டு வெளியே போகவேண்டியதாயிற்று. மாற்று ஆட்டக்காரர் என்ற ஏற்பாடே அன்று கிடையாது. நடுக்களத் தடுப்பாளர் ஜிம்மி ஹாரப் கோலுக்குள் போய் நின்றார். அப்புறம் ஹார்டி திரும்பி வந்தார். டாமி பார்பர் தலையால் முட்டிய ஒரே கோலில் வில்லா வென்றது.

அன்று சண்டர்லாந்துக்கு ஆடிய சார்லி புக்கன் பின்னாளில் பத்திரிகையாளரானார். தான் எதிர்த்து ஆடிய கோல்கீப்பர்களிலேயே ஹார்டிதான் சிறந்தவர் என்று எழுதியிருக்கிறார். எதிரணிக்காரர் தந்த சான்றிதழ் அது. ரசிகர்கள் நூறு பேர் சொல்வதைவிட அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

1907 முதல் 1920 வரை இங்கிலாந்துக்கு 21 ஆட்டங்கள். எண்ணிக்கை குறைவாகத் தோன்றலாம். அன்று ஆண்டுக்குப் பெரும்பாலும் ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து என மூன்றே ஆட்டங்கள். நடுவே முதல் உலகப் போர் வேறு! அவருடைய நல்ல வயதில் சில ஆண்டுகளை அது விழுங்கிவிட்டது.

போர் முடிந்து 1920இல் மறுபடியும் கோப்பை இறுதி. ஹடர்ஸ்ஃபீல்டை வில்லா வென்றது, அதுவும் 1-0 தான். இரண்டு இறுதி ஆட்டங்கள், விட்ட கோல் ஒன்றுகூட இல்லை. அடுத்த ஆண்டு, நாற்பதை நெருங்கும் வயதில், நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டுக்குப் போனார். முதல் சீசனிலேயே அந்த அணி இரண்டாம் டிவிஷன் பட்டம் வென்றது.

ஹார்டி 1966இல் காலமானார். இங்கிலாந்து உலகக் கோப்பை வென்ற ஆண்டு அது. அந்த அணியின் கோல்கீப்பர் கோர்டன் பேங்க்ஸ் லீக் ஆட்டத்தைத் தொடங்கியதும் அதே செஸ்டர்ஃபீல்டு அணியில்தான்.